தாத்தாவின் ரிவால்வர்: 1873-ஆ, 1874-ஆ?

உத்திரமேரூருக்கு யார் வந்தாலும் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துக்கு அழைத்துப் போய்க் குடவோலைக் கல்வெட்டைக் காட்டாமல் விடமாட்டேன். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு அது ஒரு வேலை. வருகிறவர்கள் எல்லோரும் "அந்தக் கல்வெட்டு" என்று ஒருமையில்தான் கேட்பார்கள். அங்கே இருப்பவை இரண்டு. ஒன்று முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 919. மற்றது 14-ஆம் ஆட்சியாண்டு, 921. இரண்டும் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளைத்தான் சொல்கின்றன. தூரத்தில் நின்று பார்த்தால் ஒரே மாதிரி. முதலாவதில் 30 வயதுக்கு மேல் 60 வயதுக்குள் என்று இருக்கும். இரண்டே வருடத்தில் அதை 35-க்கு மேல் 70-க்குள் என்று திருத்திவிட்டார்கள். எனக்கு வயது 74. எந்தக் கல்வெட்டின்படி பார்த்தாலும் என் பெயரைக் குடத்தில் போட மாட்டார்கள்.

ஒன்றுபோல் தோன்றும் இரண்டு பொருள்களில் எது எது என்று பிரித்துப் பார்க்கும் இந்தப் புத்தி எனக்குக் கோயிலில் வந்ததல்ல. அரசாங்க வேலையில் பட்டுத் தெரிந்துகொண்டது. அந்தக் கதையையும், அது போன வருடம் எங்கள் குடும்பத்தில் உண்டாக்கிய சங்கடத்தையும் இன்று எழுதுகிறேன்.

என் அப்பா வழி உத்திரமேரூர். அம்மா வழி புதுச்சேரி. எனக்கு ஆறு வயதானபோது அம்மாவின் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே பிரெஞ்சுப் பள்ளியில் படித்தேன். அந்த வீடு ஒரு சொல்தா வீடு. புதுவைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரை அங்கே சொல்தா என்பார்கள். அந்தக் குடும்பங்களுக்கு பிராங்கில் பென்ஷன் வரும், தெருவில் அதற்கென்று ஒரு மரியாதையும் உண்டு. 1881 செப்டம்பரில் வந்த ஓர் ஆணையின்படி, தங்கள் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள் இருந்தார்கள். ரெனோன்சான் என்று பெயர். என் அம்மாவின் குடும்பம் அந்த வகை. தாத்தா முதல் உலகப் போருக்குப் போய்த் திரும்பியவர். நான் பிறப்பதற்கு முன்பே காலமாகிவிட்டார். எனக்குத் தெரிந்த தாத்தா கூடத்துச் சுவரில் தொங்கிய படம்தான். மார்செய் நகரத்து ஸ்டூடியோ ஒன்றில் எடுத்தது. நாற்காலியில் ஒரு கையை ஊன்றியபடி நிற்கிறார். பக்கத்தில் வட்ட மேசை. அதன்மேல் தொப்பி, தொப்பிக்குப் பக்கத்தில் ஒரு ரிவால்வர்.

"தாத்தா ஒஃபிசியே. அது ஒஃபிசியே துப்பாக்கி." வீட்டுக்கு யார் வந்தாலும் பாட்டி சொல்லும் வாக்கியம் இது. ஒஃபிசியே என்றால் அதிகாரி.

இப்போது என் தங்கையின் பேரனுக்கு வருகிறேன். பிரான்ஸில் லியோன் பக்கம் இருக்கிறான், முப்பது வயது. பழைய பொருள்கள் சேர்ப்பதில் பைத்தியம். முதலில் நாணயம், பிறகு கைக்கடிகாரம், இப்போது துப்பாக்கி. அந்த நாட்டில் 1900-க்கு முந்தைய மாதிரித் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றை வயது வந்த எவரும் லைசென்ஸ் இல்லாமல் வாங்கி வைத்துக்கொள்ளலாம். போன ஆடி மாதம் போன் செய்தான்.

"தாத்தா, எங்க கொள்ளுத்தாத்தா துப்பாக்கி மாதிரியே ஒண்ணு வாங்கப் போறேன். மூணு பார்த்து வெச்சிருக்கேன். உங்களுக்குத்தான் அந்தப் படம் நல்லாத் தெரியும். எதுன்னு சொல்லுங்க."

மூன்றின் படங்களையும் அனுப்பினான். மூன்றும் பிரெஞ்சு ராணுவ ரிவால்வர்கள்: 1873 மாதிரி, 1874 மாதிரி, 1892 மாதிரி.

இதில் 1892-ஐத் தள்ளிவைப்பது சுலபம். அது மெலிந்த உடம்புக்காரன். 8 மில்லிமீட்டர் தோட்டா, ஆறு அறை. தோட்டா போடும் உருளை பக்கவாட்டில் வெளியே சாயும், அதுவும் வலப்பக்கமாக. உலகத்தில் பெரும்பாலான ரிவால்வர்களில் உருளை இடப்பக்கம்தான் வரும். குதிரைப்படைக்காரன் வலக்கையில் வாள் பிடிப்பான், இடக்கையில் ரிவால்வர் பிடிப்பான், அதனால்தான் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். இடப்பக்கத் தகடு ஒரு கீலில் கதவு மாதிரித் திறக்கும், உள்ளே இருக்கும் இயந்திரம் முழுவதையும் துடைத்து எண்ணெய் போடலாம். அழகான வேலை. லெபெல் ரிவால்வர் என்று பலர் சொல்கிறார்கள், ஆனால் அந்தப் பெயர் லெபெல் துப்பாக்கியின் புகழால் ஒட்டிக்கொண்டது. முதல் உலகப் போரில் பிரெஞ்சு அதிகாரிகளின் இடுப்பில் அதிகம் இருந்தது இதுதான். எங்கள் படத்தில் இருப்பது இதைவிடத் தடிமனானது, கைப்பிடியின் வளைவும் வேறு.

மிச்சம் 1873-உம் 1874-உம். இங்கேதான் சிக்கல். இரண்டும் அண்ணன் தம்பி.

1870-71 போரில் பிரஷ்யாவிடம் பிரான்ஸ் படுதோல்வி அடைந்தது. மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்தியே சேதானில் சிறைப்பட்டான். அந்த அவமானத்துக்குப் பிறகு ராணுவத்தை மேலிருந்து கீழ்வரை மாற்றி அமைத்தபோது, தரைப்படைக்கு என்று தேர்ந்தெடுத்த ரிவால்வர் இது. ஷாம்லோ, தெல்வீன் என்பவர்களின் பெயரால் வழங்கும் அமைப்பு. சேன்-எத்தியேன் அரசாங்கத் தொழிற்சாலையில் செய்தார்கள். 11 மில்லிமீட்டர் தோட்டா, ஆறு அறை. வலப்பக்கம் ஒரு சின்ன மூடியைத் திறந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் போட வேண்டும், சுட்டபின் ஒரு கம்பியால் ஒவ்வொன்றாகத் தள்ளி வெளியே எடுக்க வேண்டும். சண்டை நடுவில் இதைச் செய்தவன் பாடு என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விசையை அழுத்தினாலே சுத்தியல் தானாக எழும்பி அடிக்கும், அல்லது கட்டை விரலால் முதலில் சுத்தியலை இழுத்து வைத்தும் சுடலாம். இரும்பு பலே கெட்டி. ஆனால் தோட்டாவில் மருந்து குறைவு, வேகமும் குறைவு. 1890-இல் தோட்டாவைச் சற்று வலுப்படுத்திப் பார்த்தார்கள்.

1873 மாதிரி சார்ஜென்ட் போன்ற கீழ்நிலைத் தலைவர்களுக்கும் குதிரைப்படையினருக்கும். மூன்று லட்சத்துக்கு மேல் செய்தார்கள். 1874 மாதிரி அதிகாரிகளுக்கு. அது சில பத்தாயிரங்கள்தான். அதனால் இன்று பழம்பொருள் சந்தையில் 1874-க்கு விலை ஏறக்குறைய இரு மடங்கு, நல்ல நிலையில் இருந்தால் அதற்கும் மேல்.

வித்தியாசம் என்ன? மூன்று. 1873-க்குச் சாயம் கிடையாது. எஃகைப் பளபளவென்று தேய்த்து வெள்ளையாகவே விட்டுவிட்டார்கள். சிப்பாய் தினமும் துடைக்கட்டும் என்று எண்ணியிருப்பார்கள் போல. 1874-க்குக் கருநீல மெருகு கொடுத்தார்கள். இரண்டாவது, 1874 கொஞ்சம் எடை குறைவு. மூன்றாவதுதான் முக்கியம். 1874-இன் உருளையில் வெளிப்புறம் நீளவாக்கில் பள்ளங்கள் வெட்டியிருக்கும், எடை குறைந்ததும் ஓரளவு அதனால்தான். 1873-இன் உருளை வழவழவென்று உலக்கைப் பூண் மாதிரி இருக்கும்.

மெருகை நம்பக் கூடாது. 150 வருடத்தில் கருநீலம் தேய்ந்து வெளுத்துப் போகும். வெள்ளை இரும்புக்குப் பின்னால் வந்தவர் யாராவது மெருகு பூசி 1874 என்று விற்கவும் செய்வார். பள்ளம் பொய் சொல்லாது. அதோடு குழலின்மேல் மாதிரியின் ஆண்டு வெட்டியிருக்கும், சட்டத்தில் தொழிற்சாலைப் பெயர் இருக்கும், குழலின் பக்கவாட்டில் எஸ் என்ற எழுத்தும் செய்த வருடமும் இருக்கும். துப்பாக்கியில் ஒவ்வொரு பாகத்திலும் ஒரே எண் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். கல்வெட்டுப் படிக்கிற மாதிரிதான். முதலில் எழுத்து, பிறகு கதை.

இவ்வளவு விவரம் ஒரு குமாஸ்தாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பாதி பிரெஞ்சுப் புத்தகங்கள். மீதி ஒரு பழைய பாவம்.

1980-களில் ஒரு மாவட்ட அலுவலகத்தில் ஆயுத லைசென்ஸ் கோப்புகள் என் மேசைக்கு வந்தன. பெரும்பாலும் விவசாயிகளின் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி, காட்டுப்பன்றி விரட்ட. சில மிராசுதார் வீடுகளில் இரட்டைக்குழல். தேர்தல் வந்தால் எல்லாவற்றையும் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்வதே ஒரு வாரம் பிடிக்கும். கைத்துப்பாக்கி அபூர்வம். ஒரு பெரியவரிடம் வெப்லி அண்டு ஸ்காட் கம்பெனியின் .32 ரிவால்வர் இருந்தது. அதே கம்பெனி .32 பிஸ்டலும் செய்தது. எனக்கு அப்போது இரண்டும் ஒன்றுதான். லைசென்ஸைப் புதுப்பித்த புத்தகத்தில் "பிஸ்டல்" என்று அடித்துவிட்டேன். கீழே நான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள், ஒருவரும் கவனிக்கவில்லை.

ரிவால்வரில் உருளை சுழலும், ஒவ்வோர் அறையிலும் ஒரு தோட்டா. பிஸ்டலில் உருளை கிடையாது, கைப்பிடிக்குள் செருகும் பெட்டியில் தோட்டாக்கள் அடுக்கியிருக்கும், சுட்ட வேகத்திலேயே அடுத்த தோட்டா தானாக ஏறும். இரண்டும் .32 என்றாலும் தோட்டா வேறு வேறு. பெரியவர் தோட்டா வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் புத்தகத்தையும் துப்பாக்கியையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கொடுக்க மறுத்தார். அதோடு விட்டதா? புத்தகத்தில் இருக்கும் பிஸ்டல் எங்கே, கையில் இருக்கும் ரிவால்வருக்கு லைசென்ஸ் எங்கே என்று விசாரணை. எழுபது வயது மனிதர் எட்டு மாதம் படியேறி இறங்கினார். பிழை என்னுடையது என்று நான் எழுதிக் கொடுக்க எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. பயம். வேலை போய்விடுமோ என்ற பயம். திருத்தம் போட்ட அன்று அவர் என்னைத் திட்டவில்லை. "தம்பி, நீயும் ஒரு தடவை கையில வெச்சுப் பாரு, அப்பதான் தெரியும்" என்று தோட்டா இல்லாத ரிவால்வரைத் திறந்து காட்டினார். அன்று ஆரம்பித்தது இந்தப் படிப்பு.

அதனால் இந்தச் சொற்களை யாராவது மாற்றி எழுதினால் எனக்குப் பொறுக்காது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டதைப் பற்றித் தமிழில் எத்தனை கட்டுரைகள், எத்தனை நாடகங்கள்! பாதியில் "ரிவால்வர்" என்றே இருக்கும். வாஞ்சி கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். இது சின்ன விஷயமில்லை. அந்தக் காலத்துப் புரட்சிக்காரர்களின் வழித்தடமே அந்தப் பெயரில் இருக்கிறது. 1909-இல் லண்டன் இந்தியா ஹவுஸில் சமையல் வேலை பார்த்த சதுர்புஜ் அமீன் மூலம் சாவர்க்கர் 20 பிரௌனிங் பிஸ்டல்களை இந்தியாவுக்கு அனுப்பினார். அந்த வருடம் டிசம்பர் 21 அன்று நாசிக்கில் கலெக்டர் ஜாக்சனைக் கான்ஹரே சுட்டது அப்படி வந்த பிரௌனிங்கால்தான். லண்டனிலிருந்து தப்பி 1910-இல் புதுச்சேரி வந்து சேர்ந்த வ.வே.சு. ஐயர், கரடிகுப்பத்தில் இளைஞர்களுக்குச் சுடப் பழக்கினார். வாஞ்சி அங்கே போய்ப் பழகியவர். தட்டையான பிஸ்டல் சட்டைக்குள் தெரியாது. உருளை புடைத்த பழைய ராணுவ ரிவால்வர் தெரிந்துவிடும். எங்கள் தாத்தா படத்து ரிவால்வரை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் வகுப்புப் பெட்டியில் ஏறியிருந்தால், பெட்டிக்குப் போவதற்கு முன்பே பிளாட்பாரத்தில் பிடித்திருப்பார்கள். இது என் ஊகம்தான், ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

சரி, படத்துக்கு வருகிறேன். புதுவை வீட்டுப் படம் இப்போது தங்கையிடம். அதை யாரோ நகல் எடுத்து எனக்குக் கொடுத்தது பீரோவில் இருந்தது. பூதக்கண்ணாடி வைத்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பார்த்தேன். துப்பாக்கி வெள்ளையாகப் பளபளக்கிறது. உருளை வழவழ. பள்ளம் ஒன்றுகூட இல்லை. 1873.

ஒரு படத்தை வைத்து மட்டும் முடிவு சொல்லக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். துப்பாக்கி ஸ்டூடியோக்காரருடையதாக இருக்கலாம், நண்பனுடையதாக இருக்கலாம். அந்தப் போரில் பிரான்ஸுக்குக் கைத்துப்பாக்கி தட்டுப்பாடு. ஸ்பெயினிலிருந்து ரூபி பிஸ்டல்களை லட்சக்கணக்கில் வாங்கினார்கள், கிடங்கில் கிடந்த 1873-களையும் எடுத்துக் கொடுத்தார்கள். அதிகாரி ஒருவர் கையில் 1873 இருந்திருக்க முடியாது என்று சத்தியம் செய்ய முடியாது. பேரனிடம் இதை மட்டும் சொல்லி நழுவியிருக்கலாம்.

ஆனால் எனக்கு விஷயம் படத்தால் தெரிந்ததல்ல. எனக்குப் பத்து வயதிருக்கும்போது, பாட்டிக்கு வரும் பென்ஷன் காகிதங்களைப் படித்துச் சொல்வது என் வேலை. பாட்டிக்கு பிரெஞ்சு பேச்சு கொஞ்சம் வரும், எழுத்து வராது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்னைக் கையில் பிடித்துக்கொண்டு பிரெஞ்சு கன்சல் அலுவலகத்துக்குப் போவார். முதல் தடவை காகிதத்தை நான் சத்தமாகப் படித்தேன். பாட்டியின் பெயருக்குக் கீழே, "சார்ஜென்ட் இன்னாரின் விதவை" என்று இருந்தது. திண்ணையில் மாமா இருந்தார், பக்கத்து வீட்டு அம்மாள் இருந்தார். பாட்டி காகிதத்தைப் பிடுங்கி மடித்துக்கொண்டார். இரவு சோறு போடும்போது சொன்னார்:

"நீ படிக்கிறதெல்லாம் எனக்கு மட்டும் கேக்கிற மாதிரி படி. வெளியில யார்கிட்டயும் சொல்லாத."

சொல்லவில்லை. அறுபது வருடத்துக்கு மேல் சொல்லவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அம்மாவுக்கு அவர் ஒஃபிசியே. தங்கைக்கு ஒஃபிசியே. தங்கையின் கல்யாணப் பேச்சில் "ஒஃபிசியே பேத்தி" என்று சொல்லித்தான் அந்த பிரெஞ்சுப் பிரஜைக் குடும்பத்தில் சம்பந்தம் முடிந்தது என்று நினைக்கிறேன்.

பேரன் மறுபடியும் போன் செய்தான். 1874-க்கு முன்பணம் கட்டப்போவதாகச் சொன்னான். "ஒஃபிசியே துப்பாக்கிதானே தாத்தா, விலை அதிகம்தான், பரவாயில்லை."

இரண்டு நாள் டயம் கேட்டேன். எட்டு மாதம் படியேறிய அந்தப் பெரியவர் நினைவுக்கு வந்தார். ஒரு தப்பான சொல்லை நானே காகிதத்தில் ஏற்றிவிட்டு ஐந்து மாதம் வாய் மூடி இருந்தவன் நான். இப்போது இரும்பில் ஏற்றப் போகிறான். அவன் பிள்ளைகள் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பாட்டி சொன்னதையே சொல்வார்கள். இன்னொரு பக்கம், பாட்டியிடம் கொடுத்த வாக்கு. செத்துப் போனவர்களிடம் கொடுத்த வாக்குக்குக் காலாவதித் தேதி கிடையாது என்பது என் மனைவியின் கட்சி. "அவன் காசு, அவன் வாங்கறான், உங்களுக்கென்ன" என்றாள்.

மூன்றாம் நாள் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பென்ஷன் காகிதத்தில் ஒன்று என்னிடம் தங்கியிருந்தது. அதைப் படம் எடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்ப 1873-தான் கரெக்ட்" என்றான். அவனுக்கு வருத்தமே இல்லை. சார்ஜென்ட் என்றால் முன்வரிசையில் ஆட்களோடு நின்றவர், அதிகாரியைவிட அதுதான் பெரிசு என்றான். பிரான்ஸில் வளர்ந்த பிள்ளை. ஒஃபிசியே என்ற சொல்லுக்குப் புதுவைத் தெருவில் என்ன எடை என்பது அவனுக்குத் தெரியாது.

தங்கைக்குத் தெரியும். மறுநாளே போன்.

"இத்தனை வருஷம் கழிச்சு இதைச் சொல்லித்தான் ஆகணுமா அண்ணே? என் மருமக முன்னாடி என் முகத்தை எங்க வெச்சுக்கிறது?"

என்னிடம் பதில் இல்லை. பாட்டி ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்கு இப்போது கொஞ்சம் புரிகிறது. எழுதப் படிக்கத் தெரியாத விதவை, ஐந்து பிள்ளைகள், பக்கத்தில் எல்லாம் பெரிய வீடுகள். ஒரு படி உயர்த்திச் சொன்னார். அவர் சொன்னது தவறு என்று நான் எழுதவில்லை. தாத்தா சார்ஜென்ட் என்றுதான் எழுதுகிறேன்.

துப்பாக்கியை இங்கே கொண்டுவந்து காட்டட்டுமா என்று பேரன் கேட்டான். வேண்டவே வேண்டாம் என்றேன். நம் நாட்டில் 1959 ஆயுதச் சட்டம் வேறு மாதிரி. 45-ஆம் பிரிவில் பழம்பொருளுக்கு விலக்கு உண்டுதான், ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும். 1873-இன் இரும்பு அவ்வளவு சுலபத்தில் சாகாது. விமான நிலையத்தில் பிடித்து வைத்தால் கோப்பு எழுதப் போவது என்னைப் போல ஒரு குமாஸ்தா. அவன் "பிஸ்டல்" என்று எழுதினால் என்ன செய்வது?

கார்த்திகையில் வாங்கிவிட்டான். படம் அனுப்பினான். குழலின் பக்கத்தில் எஸ் 1877 என்று தெளிவாக இருக்கிறது. எண்கள் எல்லாப் பாகத்திலும் ஒன்றுதான், ஒரு திருகாணி மட்டும் மாற்றியது. உருளை வழவழப்பாக, தாத்தா படத்தில் இருப்பது போலவே இருக்கிறது.

தங்கை பொங்கலுக்குக் கூப்பிடவில்லை. போன வாரம் நானே கூப்பிட்டேன். எடுத்தாள். "அண்ணிக்கு முட்டி வலி எப்படி இருக்கு?" என்று கேட்டாள், சொன்னேன். வைத்துவிட்டாள்.